நன்மை வாங்காத ஞாயிறுகள்

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கொத்தனார் ஒருவரைப் பார்ப்பதற்காக மஞ்சக்குப்பம் போயிருந்தேன். திரும்பி வருகையில் வடை வேகும் எண்ணெய் வாசனை வந்தது. எந்தக் கடை என்று நிமிர்ந்து பார்க்காமலேயே தெரிந்துவிட்டது. உன் கோயிலுக்கு எதிரில் இருக்கும் அதே டீக்கடை. வண்டியை நிறுத்தினேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் சர்க்கரை கம்மியாக ஒரு டீ போட்டுக் கொடுத்து, மடித்து வைத்திருந்த பேப்பரையும் என் பக்கம் நகர்த்தினார். ரொம்ப நாளாகக் காணவில்லையே என்றார். பிறகு கோயில் பக்கம் தலையைத் திருப்பி, "டீச்சரம்மா உள்ள போயிருக்காங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உன்னைக் கடலூர் முதுநகரில் உன் அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ததால் இந்தத் தெருவுக்குச் சேதி வரவில்லை போலிருக்கிறது. அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஐயோ பாவம் என்று ஆரம்பித்து, நீங்கள் அவரை எவ்வளவு நல்லபடியாக வைத்திருந்தீர்கள் என்று முடிப்பார். அதைக் கேட்கத் தெம்பு இல்லை. பாதி டீயோடு எழுந்து வந்துவிட்டேன். வந்ததிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்றே இருக்கிறது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து எட்டு வருடம் ஒரு தப்பைச் செய்தோம். அந்தத் தப்புக்காகவே எல்லோரும் நம்மைப் பாராட்டினார்கள். இதை வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

கல்யாணத்துக்கு முன்னால் நாம் சண்டை போடாத நாள் கிடையாது. கல்லூரியில் நீ கணக்கு, நான் வேதியியல். கடலூரிலிருந்து ரயிலில் வந்து படித்துவிட்டுப் போவாய். நான் சிதம்பரத்துக்காரன், எனக்கு ஸ்டேஷனில் எந்த வேலையும் கிடையாது. ஆனாலும் சாயங்காலம் உன் ரயில் கிளம்பும்வரை பிளாட்பாரத்தில் நின்று உன்னோடு வாதாடுவேன். சினிமா, தேர்தல், கடவுள் உண்டா இல்லையா, எல்லாவற்றுக்கும் சண்டை. கடவுள் விஷயத்தில் நீ என்னை விட்டதே இல்லை. "உங்களுக்குத் தெரியாததையெல்லாம் இல்லேன்னு சொல்லிட முடியுமா?" என்று ஒருநாள் பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாய். அந்தச் சத்தத்துக்காகத்தான் உன்னை எனக்குப் பிடித்தது.

இரண்டாயிரத்து நாலில் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டோம். உன் வீட்டில் அரை மனசு, என் வீட்டில் கால் மனசு. அன்றைக்கு மத்தியானம் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் உன்னிடம் ஒரு ஒப்பந்தம் பேசினேன். உன் சாமி உனக்கு, என் கொள்கை எனக்கு. ஒருவர் விஷயத்தில் இன்னொருவர் தலையிடக் கூடாது. இந்த ஒரு விஷயத்துக்காக நம் வீட்டில் சண்டையே வரக் கூடாது. நீ கொஞ்ச நேரம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாய். பிறகு சரி என்றாய். அந்தக் கொஞ்ச நேரம் நீ என்ன நினைத்தாய் என்று நான் கேட்கவில்லை. பெரிய மனசோடு நடந்துகொண்ட திருப்தியில் பாயசம் இன்னொரு கப் வாங்கிக் குடித்தேன்.

ஒப்பந்தத்தை நான் மீறவே இல்லை. ஞாயிறு ஏழேகால் மணிக்கு உன்னைக் கோயில் வாசலில் இறக்கிவிடுவேன். எதிர்க்கடையில் உட்கார்ந்து டீ குடித்து, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பேன். நீ வெளியே வந்ததும் ஏற்றிக்கொண்டு வருவேன். மழைக்காலத்தில் குடையோடு காத்திருப்பேன். உன் பள்ளிக்கூட டீச்சர்கள் எல்லோரும் நீ கொடுத்து வைத்தவள் என்பார்கள். செம்மங்குப்பத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு வருடம் நல்லிணக்க உறுதிமொழி நாளில் என்னைப் பேசச் சொன்னார்கள். நம் வீட்டைத்தான் உதாரணமாகச் சொன்னேன். ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டால் புரிந்துகொள்வது தானாக வரும் என்று பேசினேன். கைதட்டினார்கள். ஒரு டிபன் கேரியர் பரிசு கொடுத்தார்கள். நீ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினாய். வரும் வழியெல்லாம் நீ பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சின்ன விஷயம் ஒன்று. நீ எப்போதும் கோயிலுக்குப் போறேன் என்றுதான் சொல்வாய். உன் வீட்டில் எல்லோருக்கும் அது கோயில்தான். சிதம்பரத்தில் அம்மா முன்னால் நீ அப்படிச் சொன்னபோது நான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, சர்ச் என்று சொல், அம்மா குழம்பிவிடுவார்கள் என்றேன். அன்றிலிருந்து என் அம்மா வீட்டில் நீ சர்ச் என்றே சொன்னாய். காலுக்குப் பழகாத செருப்பு மாதிரி அந்தச் சொல் உன்னிடம் இருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அம்மாவும் தன் அளவில் பொறுத்துக்கொண்டாள். வந்தவர்களிடமெல்லாம், "எங்க மருமவ வேதக்காரப் பொண்ணுதான், ஆனா நல்ல கொணம்" என்பாள். அது பாராட்டு என்றே நான் நினைத்தேன். உன்னைப் பற்றி யார் பேசினாலும் நடுவில் ஒரு 'ஆனா' வருவதை நீதான் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாய்.

அந்த டிசம்பர் ஞாயிறன்று நமக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். நீ உள்ளே பூசையில் இருந்தாய். நான் டீக்கடையில். திடீரென்று தேவனாம்பட்டினம் பக்கமிருந்து ஜனங்கள் ஓடிவர ஆரம்பித்தார்கள். கடல் உள்ளே வந்துவிட்டது என்றார்கள். யாருக்கும் எதுவும் புரியவில்லை. சேலை முழுக்கச் சேறோடு ஒரு பெண், கையில் பிள்ளையோடு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றாள். கோயில் கேட்டைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் உள்ளே போனது. நான் கேட் வரை ஓடினேன். அங்கேயே நின்றேன்.

நின்றுவிட்டேன். அடுத்த அடி வைக்கவில்லை. யாரோ ஒரு ஆளைப் பிடித்து உன் பெயரைச் சொல்லி உள்ளேயிருந்து கூட்டிவரச் சொன்னேன். நீ வந்தாய். உன் புடவையும் நனைந்திருந்தது. ஜனங்கள் ஈரத்தோடு தரையில் கிடக்கிறார்கள், வந்து ஒரு கை கொடுங்கள் என்றாய். நான் வெளியில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சும்மா இருக்கவில்லை. அன்றைக்கு மூன்று கடை ஏறி இறங்கி பன்னும் பால் பாக்கெட்டும் வாங்கிவந்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்டில் நின்றே கொடுத்தேன். நீ வந்து வாங்கிக்கொண்டு போனாய். அதற்கும் என்னைப் பாராட்டினார்கள்.

உன் அம்மா வாராவாரம் ஞாயிறு மத்தியானம் போன் பண்ணுவார்கள். சாப்பிட்டாயா, என்ன குழம்பு என்பதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி கேட்பார்கள் போலிருக்கிறது. நீ "இல்லம்மா" என்பாய். ஒருமுறை போனை நான் எடுத்தபோது, நான்தான் எடுத்தேன் என்று தெரியாமல், "நன்மை வாங்குனியாடி?" என்றார்கள். எனக்கு விளங்கவில்லை. ஏதோ சாமான் போலிருக்கிறது, இல்லாவிட்டால் ஏதாவது ஆசீர்வாதமாக இருக்கும் என்று உன்னிடம் போனைக் கொடுத்துவிட்டேன். என்னவென்று கேட்பது தலையிடுவதாகிவிடும் என்பது என் எண்ணம்.

எத்தனை நாகரிகம் பார் எனக்கு.

நீ என்னிடம் மூன்று தடவை கேட்டாய். மூன்றும் இப்போது எனக்கு மனப்பாடம்.

முதல் தடவை கல்யாணமான புதிது. ஃபாதர் உங்களை ஒருமுறை வந்து பார்க்கச் சொன்னார் என்றாய். நான் எதற்கு என்றேன். சும்மா பேசத்தான் என்றாய். உனக்கு வேண்டுமானால் தினமும் போ, நான் தடுக்கமாட்டேன், என்னைக் கூப்பிடாதே என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். நீயும் சிரித்தாய்.

இரண்டாவது தடவை உன் அக்கா மகளுக்குப் புதுநன்மை கொடுத்த அன்று. குட்டிப் பெண்கள் வெள்ளை கவுன் போட்டு மெழுகுவத்தியோடு போவார்களே, அந்த விழா. நான் வழக்கம்போல் பூசைக்கு வரவில்லை. பிரியாணிக்கு மட்டும் மண்டபத்துக்கு வந்தேன். வீட்டுக்குத் திரும்பியதும் நீ படுத்துக்கொண்டாய். தலைவலி என்றாய். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரே ஒரு தடவ வந்து ஃபாதரப் பாக்கறீங்களா? அர மணி நேரம்தான் ஆவும்" என்றாய். குரல் உடைந்திருந்தது. நான் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பொறுமையாகத்தான் பதில் சொன்னேன். நான் உன்னைப் போகாதே என்று சொன்னதுண்டா? அதே மாதிரி நீயும் என்னை வா என்று சொல்லக் கூடாது, அதுதானே நியாயம் என்றேன். நீ தலையாட்டினாய். நியாயம் என்று நானே சொல்லிவிட்ட பிறகு நீ என்ன சொல்வாய்? நன்மை என்ற அந்தச் சொல்லை அன்றைக்கு அழைப்பிதழிலேயே பார்த்தேன். போனில் கேட்டதும் நினைவுக்கு வந்தது. அப்போதாவது கேட்டிருக்கலாம்.

மூன்றாவது தடவை உன் அம்மா இறந்த பிறகு. முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின வாரம், வண்டியில் வரும்போது பின்னாலிருந்து கேட்டாய். "அம்மா சாவறப்பவும் அதத்தாங்க கேட்டாங்க" என்றாய். எதை என்று நான் கேட்கவில்லை. பார்க்கலாம் என்றேன். அந்தப் பார்க்கலாம் இரண்டு வருடம் ஓடியது. நீ திரும்பக் கேட்கவில்லை.

பொறுத்துக்கொள்வதில் நீ என்னைவிடக் கெட்டிக்காரி. வயிற்று வலியையும் அப்படித்தான் ஏழெட்டு மாதம் பொறுத்துக்கொண்டாய். கேஸ்தான் என்று ஓமத்தைக் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனாய். புயலடித்து மரமெல்லாம் விழுந்து கடலூரில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத அந்த மாதம்தான் உன்னால் எழுந்து நிற்க முடியாமல் போனது. பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனோம். திறந்து பார்த்தார்கள், மூடிவிட்டார்கள். கோடையில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நாலைந்து மாதமாக உன்னைக் காணவில்லை என்று ஃபாதர் நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை மத்தியானம். எனக்கு அவரைத் தெரியாது. என்னை அவருக்குத் தெரிந்திருந்தது. எதிர்க்கடையில் உட்கார்ந்திருப்பீர்களே, நீங்கள்தானே என்றார். உன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஜெபம் சொன்னார். நான் நாகரிகமாக வெளி வராந்தாவுக்குப் போய்விட்டேன். கிளம்பும்போது கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, செருப்பை மாட்டாமலேயே என்னிடம் பேசினார்.

உங்கள் மனைவி எட்டு வருடமாக நன்மை வாங்கவில்லை, அது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். நன்மை என்றால் என்ன என்று அப்போதுதான், வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் வாய் திறந்து கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். பூசையில் அப்பம் தருவார்களே, அதுதான். அதை வாங்கத்தான் பூசையே. கோயிலில் கல்யாணம் செய்யாமல் வெளியில் செய்துகொண்டவர்களுக்கு அது கிடையாது. எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது உங்கள் மனைவி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், ஒவ்வொரு ஞாயிறும்.

அதற்கு நான் மதம் மாற வேண்டுமா என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். "நீங்க மாறவே வேணாம் சார். ஆயர், அதான் பிஷப், அவருகிட்ட ஒரு அனுமதி, ரெண்டு சாட்சி. நீங்க வந்து சம்மதம்னு சொன்னாப் போதும். அர மணி நேர வேல."

அரை மணி நேரம். நான் ஒவ்வொரு ஞாயிறும் எதிர்க்கடையில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

உன் கோயில் மேலும் எனக்குக் கோபம் உண்டு. தன்னை நம்பி வாராவாரம் வந்த ஒருத்தியை எட்டு வருடம் கடைசி பெஞ்சில் உட்கார வைத்த சட்டம் என்ன சட்டம் என்று அவரிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் அதைத் திறக்கும் கதவும் பக்கத்திலேயே இருந்தது என்றார். அந்தக் கதவின் தாழ்ப்பாள் என் கையில் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை.

நாலாம் நாள் அனுமதி வந்தது. புதன்கிழமை சாயங்காலம் நம் படுக்கையறையில் வைத்தே நடந்தது. கீழ் வீட்டு அக்காவும் உன் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவரும் சாட்சி. உனக்குத் தலையணையைச் சாய்த்து வைத்து உட்கார வைத்தோம். ஃபாதர் கேட்டார். சம்மதம் என்றேன். உன்னைக் கேட்டார். நீ சம்மதம் என்றாய். அது ஒன்றுதான் கணீரென்று இருந்தது. பிறகு உன் நாக்கில் அந்த வெள்ளை அப்பத்தை வைத்தார். நீ கண்ணை மூடிக்கொண்டாய். நான் அழுதேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நான் எப்போதும் அப்படித்தான் நினைப்பேன்.

எல்லோரும் போன பிறகு நீ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாய். "இருவத்தஞ்சு நிமிஷம்" என்றாய். உன் முகத்தில் சாந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாய். "இவ்ளோதானா? இதுக்கா எட்டு வருஷம்?"

விவரமாகச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நீங்க கேட்டிருக்கலாமே" என்றாய். "ஏன்டி அங்க போற, அங்க என்ன இருக்குதுன்னு ஒரு தடவ சண்ட போட்டிருந்தா நான் எல்லாத்தையும் கொட்டியிருப்பேன். பிளாட்பாரத்துல சண்ட போட்டீங்கள்ள? கல்யாணத்துக்கப்பறம் அந்த ஆளு எங்க போனாரு?"

நான் உன் கையைப் பிடிக்க வந்தேன். நீ உதறிவிட்டாய்.

"பொறுத்துக்கிட்டாரு, பொறுத்துக்கிட்டாருன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் என்னங்க பண்ணேன், பொறுத்துக்கறதுக்கு?"

இந்த ஒரு கேள்வியை இன்றைக்கும் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்க்கிறேன். பிடிக்காததைத்தான் பொறுத்துக்கொள்ள முடியும். வலியைப் பொறுத்துக்கொள்கிறோம், வெயிலைப் பொறுத்துக்கொள்கிறோம். உன்னைப் பொறுத்துக்கொண்டேன் என்று மேடையேறிச் சொன்னேனே, உன்னிடம் எனக்குப் பிடிக்காமல் இருந்தது எது? அதை நான் ஒருநாளும் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. சொல்லியிருந்தால் உன்னிடமும் சொல்லவேண்டி வந்திருக்கும். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் அடித்துக்கொள்ளாமல் இருக்கச் சகிப்புத்தன்மை போதும். அதை நான் மறுக்கவில்லை. சில வீடுகளில் அதுவும் இல்லாமல் என்னென்ன நடக்கிறது என்று பேப்பரில் படிக்கிறோம். ஆனால் நான் அதை வாசல் வரைக்கும் கொண்டுபோய், அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அந்தப் புதன்கிழமையிலிருந்து நீ இருந்தது பத்தொன்பது நாள். பத்தொன்பது நாளும் நாம் சண்டை போட்டோம். மாத்திரை வேகம் குறைந்து நீ தெளிவாக இருக்கும் நேரமெல்லாம் சண்டைதான். கீழ் வீட்டு அக்கா மேலே வந்து, நோயாளியிடம் போய் இப்படிச் சத்தம் போடலாமா என்று என்னைக் கண்டித்துவிட்டுப் போனார். சத்தம் போட்டது நீ.

அக்கா மகள் புதுநன்மை வாங்கிய அன்று, அந்தக் குழந்தை வரிசையிலிருந்து திரும்பி வந்து, "நீ ஏன் சித்தி வரல? நீ பாவம் பண்ணிட்டியா?" என்று எல்லோரும் கேட்கக் கேட்டதாம். அதைச் சொன்னாய். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கு அம்மாவோடு வருடா வருடம் நாம் கோயிலுக்குப் போவோமே, அதைச் சொன்னாய். கடவுள் இல்லை என்கிற நான் அம்மாவுக்காக வேட்டி கட்டிக்கொண்டு சன்னதியில் கைகூப்பி நிற்பேன். நீ அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாய். தீட்சிதர் கொடுத்த விபூதியைக் கீழே போட மனசில்லாமல் காகிதத்தில் மடித்துப் பர்சில் வைத்துக்கொள்வாயாம். "அங்க வந்து நிக்கறது நடிப்பு இல்ல, எங்க கோயில்ல நின்னா மட்டும் நடிப்பு. அந்தக் கணக்கு எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல" என்றாய். கணக்கு டீச்சருக்கே விளங்காத கணக்கு.

அன்றைக்குத்தான் நான் உண்மையைச் சொன்னேன். கொள்கை எல்லாம் ஒன்றும் இல்லை. உன் கோயிலுக்குள் என்னை யாராவது பார்த்து, சிதம்பரத்துக்குச் சேதி போய், அம்மா காதில் விழுந்துவிடும் என்கிற பயம். மாறிவிட்டான் என்பார்கள். பெரியப்பா வீட்டில் விசேஷத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். எட்டு வருடமாக என் நெஞ்சில் இருந்தது அவ்வளவுதான்.

நீ சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சிரித்தாய். "பயம்னு சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குங்க. நானும் பயந்தாங்கொள்ளிதான். கொள்கைன்னு சொன்னீங்க பாருங்க, அதத்தான் என்னால தாண்ட முடியல."

அதோடு விட்டாயா? உன் பங்கு உண்மையையும் சொன்னாய். கடல் உள்ளே வந்த அன்று நான் கேட்டில் நின்றபோதே உனக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டதாம். அத்தனை ஜனங்கள் தரையில் கிடக்க, உள்ளே ஒரு அடி வைக்காத மனுஷனோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று அழுதாயாம். அடுத்த நாள் காலையில் எழுந்து எனக்கு இட்லி ஊற்றினாயாம். அன்றிலிருந்து நீயும் என்னைப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாயாம். ஏழரை வருடம். என் சட்டைக்கு இஸ்திரி போட்டாய், என் அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டாய், நான் பேசியபோது இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாய். அதில் எது பிரியம், எது பொறுமை என்று நான் இனி யாரிடம் கேட்பது? அதைக் கேட்டபோது என் நெஞ்சு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. ஆனால் பிளாட்பாரத்தில் பார்த்தவளை மறுபடி பார்த்தேன். நீ அதைச் சொல்லாமலே போயிருந்தால் நான் கட்டிக்கொண்ட பெண் யார் என்றே தெரியாமல் எரித்திருப்பேன் என்று எழுத வந்தது கை. எரிக்கவில்லை, புதைத்தோம். பார், இன்னும் பழகவில்லை.

உன் அடக்கத்தன்று முதுநகர் கோயிலுக்குள் நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா சிதம்பரத்திலிருந்து வந்திருந்தாள். எனக்கு முன்னாலேயே உள்ளே போய், உன் பெட்டிக்குப் பக்கத்தில், முதல் பெஞ்சில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் முழங்கால் போட்டபோது அவளும் முட்டி வலியோடு முழங்கால் போட்டாள். கல்லறையிலிருந்து திரும்பும்போது நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ எதற்காகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய், நான் யாருக்குப் பயந்தேன் என்பதையெல்லாம். அம்மா நடையை நிறுத்திவிட்டாள்.

"நான் ஒன்ன அங்க போவாதன்னு எப்படா சொன்னேன்? என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ?"

அவளையும் நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். படிக்காதவள், பழைய காலத்தவள், அவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று அவள் சார்பாக நானே முடிவு செய்து, அந்த முடிவுக்கு நானே பயந்து, அந்தப் பயத்துக்கு உன்னைப் பலிகொடுத்திருக்கிறேன். அவளுடைய 'ஆனா'வைப் பற்றியும் அன்றைக்குக் கேட்டேன். அவள், நான் அப்படியா சொன்னேன் என்றாள். இப்போது நானும் அம்மாவும் நிறையச் சண்டை போடுகிறோம். போன வாரம் அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், பெண்டாட்டி போனதிலிருந்து இவனுக்குப் பொறுமையே இல்லை என்கிறார்களாம். இல்லைதான்.

எனக்கு நம்பிக்கை வந்துவிடவில்லை. உனக்காக வந்த மாதிரி நடிக்கப் போவதும் இல்லை. நீ இருந்தால் அதற்கும் ஒரு சண்டை போடுவாய்.

கடைசி நாள் நாம் எதற்காகச் சண்டை போட்டோம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். உன் மோர்க்குழம்பை எட்டு வருடமாக நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன், எனக்கு மோர்க்குழம்பே பிடிக்காது என்று சொல்லிவிட்டேன். எனக்கும் பிடிக்காது, உங்களுக்காகத்தான் வைத்தேன் என்று நீ சீறினாய். இரண்டு பேரும் சிரித்தோம். உனக்கு மூச்சு வாங்கியது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக உன் காலில் விழுந்துகொண்டிருந்தது. நீ கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாய்.

"இருங்க, இன்னும் இருக்கு. செத்த கண்ண மூடிக்கறேன். எழுந்து சொல்றேன்."

நான் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த எட்டு வருடத்தில் உன் வாயால் திட்டு வாங்க நான் அப்படி ஆசையோடு காத்திருந்ததில்லை. நீ எழுந்திருக்கவில்லை. என்ன சொல்ல வந்தாய் என்று தினமும் யோசிக்கிறேன். ஒருநாள் ஒன்று தோன்றுகிறது, மறுநாள் இன்னொன்று. உன் சார்பாக நானே ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருக்கிறேன்.